பதினோராம் நாள்

தட்டில் கேழ்வரகு கொட்டி
நடுவில் இரண்டு சோழி புதைத்து வைத்தேன்.
தபி பார்த்தாள்.
கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்,
பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி மாதிரி.
இரண்டே முக்கால் வயது.

திங்கட்கிழமை ஊறவைத்த ஜவ்வரிசி.
"அது கண்ணு முழிக்குது" என்று
நாற்காலிமேல் ஏறிக்கொண்டாள்.
புதனன்று பாலாற்று மணல் ஒரு பை,
சலித்து, அலசாமல், மாடி வெயிலில் காயவைத்தது.
கால்விரல் நுனிகூடப் படவில்லை.
வியாழன் என் சவர நுரை.
அதற்கு அழுதாள்.
இரவுப் பணி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுகிர்தா
நுரையும் கண்ணீருமாக இருந்த எங்களைப் பார்த்து
முதலில் கேட்டது:
"தரையை யாரு துடைக்கிறது?"

ராணிப்பேட்டையில் எனக்குத் தொடுவதுதான் வேலை.
மேஜையில் தோல் விரியும்.
கட்டைவிரலும் ஆள்காட்டியும் ஓரத்தைக் கவ்வும்.
ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
கருவி பிறகு வந்து ஆமாம் என்கும்.
உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம்,
உயிரோடிருந்தபோது சூடு போட்ட இடம்
எல்லாம் விரலுக்குத் தெரியும்.
பதினாறு வருடமாக இந்த விரல்கள்
குறை தேடித்தான் எதையும் தொட்டிருக்கின்றன.
அவள் பிறந்த அன்று முதுகைத் தடவியபோதும்
இடத்தோள் மச்சத்தில் ஒரு நொடி நின்றன.

அவள் தூங்கியபிறகு
அந்தக் கேழ்வரகில் மணிக்கட்டுவரை கையை விட்டுச்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
மே மாதத்து வேலூரில்
எங்கள் வீட்டுக்குள் குளிர்ந்திருந்த ஒரே பொருள் அதுதான்.
பழக்கத்தில் விரல் கல் தேடியது.
இருந்தது ஒன்று.
எடுக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி வைத்துப் பார்த்தாயா
என்று ஆபீசில் கேட்டார்கள்.
சத்துவாச்சாரியில் எங்கள் தெருக் குழாய்
பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும்.
விளையாடவா தண்ணீர்?
கீழ்வீட்டு ஷமீமா அக்கா
கீரை அலசிய நீரில் பாத்திரம் அலசி
அதையும் முருங்கைக்கு ஊற்றுகிறவர்.

அன்று இரவு ஒன்றே முக்கால்.
"வருது, வருது" என்று எவரோ கத்த
முதலில் குழாய் இருமியது.
பிறகு துருவாடை. பிறகு தண்ணீர்.
குடம், அண்டா, பக்கெட், பிரஷர் குக்கர்வரை வரிசை.
மாடிக்கும் தெருவுக்கும் அலைந்த என் பின்னால்
எப்போது இறங்கினாளோ, தபி,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.

எவர்சில்வர் குடம் நிறைகிற சத்தம்
அடியில் கனமாகத் தொடங்கி
மேலே வரவர மெலிந்து கூராகுமே,
அந்தச் சத்தத்தின் பக்கம் போனாள்.
குடத்தின் வயிற்றில் காதை வைத்தாள்.
கன்னத்தை வைத்தாள்.
சட்டையைத் தூக்கி
வியர்த்திருந்த தன் வயிற்றையும் ஒட்டினாள்.
"உள்ள யாரோ மேல ஏறுறாங்க" என்றாள்.

நிறைந்தது.
அடுத்த குடம் வைக்கவேண்டும், பின்னால் நான்கு பேர்.
நான் நகரவில்லை.
வழிந்த நீர் அவள் புருவத்தில் இறங்கி
மூக்கோரமாய் வந்து
உதட்டில் நின்றது.
அழுகைக்குக் காத்திருந்தேன்.
"இன்னாப்பா இது" என்று தொடங்கிய ஷமீமா அக்கா
பாதியில் நிறுத்தி
ஒரு பேசினைக் காலால் தள்ளிக்
குடத்தடியில் சேர்த்தார்.
வழிவது வழியட்டும், வீணாகவேண்டாம்.

தபி ஒரு விரலை,
ஒரே ஒரு விரலை,
ததும்பும் வாயில் வைத்தாள்.
எடுத்தாள். பார்த்தாள்.
என் லுங்கியில் துடைத்தாள்.
மறுபடி வைத்தாள்.

காலையில் கேழ்வரகுத் தட்டை நீட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
துடைத்துக் கவிழ்த்திருந்த சின்னக் குடத்தைக் காட்டி
அதில் கொட்டச் சொன்னாள்.
கொட்டினேன்.
காதை வைத்து
கடைசி மணிவரை கேட்டுவிட்டு
"இது வேற ஆளு" என்றாள்.